ஹாம் ஸ்டேஷனுக்கும் ஆன்டெனா டவருக்கும் எர்த் போடுறது: எதுக்கு, எப்படி

புதுசா ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா பேசுற அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்து வியூ3ன்னு ஆரம்பிக்கிற கால்சைன், அதாவது ஸ்டேஷன் அடையாளப் பேர், வந்ததும் மொதல்ல ரிக், அதாவது ரேடியோ செட், வாங்குறோம், அப்புறம் ஆன்டெனா, அப்புறம் மொட்ட மாடில ஒரு ஜிஐ பைப்ப நிறுத்தி ஸ்டே கம்பி கட்டுறோம். எர்த் பத்தி கேட்டா ஒருத்தர் "அதான் வீட்டுல மூணு பின் பிளக் இருக்கே, அது போதும்"பார். இன்னொருத்தர் "தோட்டத்துல தனியா ஒரு கம்பிய அடிச்சு அதுல குடுத்துரு, வீட்டு எர்த்தோட மட்டும் சேத்துடாத, இடி வீட்டுக்குள்ள வந்துரும்"பார். ரெண்டாவது ஆள் சொல்றது கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், ஆனா அவர் பேச்ச கேட்டா தான் ரிக் கருகும். அது ஏன்னு புரிஞ்சுட்டாலே எர்த் விஷயத்துல பாதி கெணறு தாண்டின மாதிரி.

நம்ம ஸ்டேஷன்ல எர்த் மூணு வேலை பாக்குது. ரிக் பாடிய தொட்டா ஷாக் அடிக்காம இருக்கணும், இது ஒண்ணு. மின்னல் வந்தா அது போக வழி இருக்கணும், இது ரெண்டு. மூணாவது ஆர்எஃப், அதாவது ரேடியோ அலையோட ஹை ஃப்ரீக்வென்சி கரண்ட் சமாச்சாரம், டிரான்ஸ்மிட் பண்ணும்போது மைக் உதட்டுல சுடுது, கம்ப்யூட்டர் ஹேங் ஆவுது, அந்த மாதிரி தொல்லை. மூணுக்கும் ஒரே கம்பி போதும்னு நெனைக்கிறதுல தான் குழப்பமே ஆரம்பிக்குது, ஏன்னா 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு நல்லா வேலை செய்ற கம்பி மின்னலுக்கு பத்தாது, மின்னலுக்கு போட்டது ஆர்எஃப்புக்கு பல சமயம் எர்த்தாவே இருக்காது.

மொதல்ல ஷாக்

13.8 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வெச்சிருக்கவங்க பல பேர் "ரிக் பாடிய தொட்டா சுருக்குன்னு இழுக்குது"ன்னு சொல்லுவாங்க. அந்த சப்ளைக்குள்ள ஃபேஸ்ல இருந்து பாடிக்கு ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், நாய்ஸ் ஃபில்டருக்காக. சாக்கெட்ல எர்த் சரியா இல்லன்னா பாடி அந்த ரெண்டுக்கும் நடுவுல தொங்கிட்டு 110, 115 வோல்ட்ல நிக்கும். கரண்ட் ரொம்ப கம்மி, ஆளக் கொல்லாது, ஆனா எர்த் இல்லங்கறத உங்களுக்கு இலவசமா சொல்லிடுது. அத மதிச்சு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

இதுல இன்னொரு விஷயம். நம்ம ஊர்ல பல வீட்டுக்கு ஈபி கம்பத்துல இருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் தான் வரும், எர்த் நம்ம வீட்டுல பைப் பொதைச்சு போட்ட எர்த் குழி தான். அந்த குழி 40 ஓம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. உள்ள ஃபேஸ் ஒயர் அறுந்து பாடில பட்டா 230 வோல்ட்ட 40ஆல வகுத்தா 6 ஆம்பியர் கூட வராது. 16 ஆம்பியர் எம்சிபி அத சட்டையே பண்ணாது, டிரிப் ஆகாம பாடி முழு வோல்டேஜோட நின்னுட்டே இருக்கும். அதனால குழி இருக்குங்கற தைரியம் பத்தாது, கரண்ட் எர்த்துக்கு கசிஞ்சா உடனே டிரிப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேணும். எர்த் இல்லாத எடத்துல நியூட்ரல எடுத்து எர்த் பின்னுல சுத்துற வேலைய யார் செஞ்சாலும் தடுங்க, நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போன அன்னிக்கு வீட்டுல இருக்க எல்லா மெட்டல் பாடியும் லைவ் ஆயிடும். தண்ணி பைப்புல குடுக்கறதும் இப்ப வீண், எல்லாம் பிவிசி. கேஸ் பைப் பக்கமே போகாதீங்க.

மின்னல்

1753ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரிக்மன்னு ஒரு விஞ்ஞானி இருந்தாரு. மின்னலோட மின்சாரத்த அளக்கணும்னு வீட்டு கூரை மேல இரும்பு கம்பி ஒண்ண நிறுத்தி அதுல இருந்து கம்பிய ரூமுக்குள்ள கொண்டாந்து ஒரு கருவில முடிச்சிருந்தாரு. அளக்கறதுக்காகவே அத தரையோட சேராம தனியா பிரிச்சு வெச்சிருந்தாரு. ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் இடி சத்தம் கேட்டதும் அகாடமி கூட்டத்துல இருந்து வீட்டுக்கு ஓடினாரு, கூடவே படம் செதுக்கறதுக்கு சோகோலோவ்னு ஒருத்தர். கருவிகிட்ட குனிஞ்ச நேரம் தீப்பந்து மாதிரி ஒண்ணு அவர் நெத்திக்கு பாஞ்சுது, அந்த எடத்துலயே உயிர் போயிடுச்சு, சோகோலோவ் தூக்கி வீசப்பட்டு பொழச்சாரு. இப்ப நம்ம செட்டப்ப யோசிங்க: கூரை மேல மெட்டல் கம்பி, அதுல இருந்து ரூமுக்குள்ள ஒரு ஒயர், அதோட முனையில ஒரு கருவி, கருவி முன்னாடி ஒரு ஆள். எர்த் இல்லாத ஹாம் ஸ்டேஷன் அச்சு அசலா ரிக்மன் வீடு தான்.

"எர்த் பண்ணா தான் இடிய கூப்பிடுற மாதிரி ஆயிடும், சும்மா விட்டா வராது"ன்னு ஒரு நம்பிக்கை இன்னும் ஓடிட்டு இருக்கு. மின்னல் மேகத்துல இருந்து கிலோமீட்டர் கணக்கா காத்த ஒடச்சுட்டு வருது, உங்க மாஸ்ட், அதாவது ஆன்டெனா நிக்கிற பைப், அடில நாலு அடி சிமென்ட் இருக்குங்கறது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. உயரமா நீட்டிட்டு இருக்கறது தான் விஷயம், எர்த் பண்ணாலும் பண்ணாட்டியும் அடிக்கிற வாய்ப்புல பெரிய வித்தியாசம் கெடையாது. அடிச்சப்பறம் எந்த வழியா போவுதுங்கறத மட்டும் தான் நம்மளால தீர்மானிக்க முடியும்.

இப்ப கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. மின்னல்ல மொத அடி 30,000 ஆம்பியர் அளவுல இருக்கறது சாதாரணம், அது சில மைக்ரோ செகண்ட்ல உச்சத்துக்கு போயிடும், நம்ம கணக்குக்கு 3 மைக்ரோ செகண்ட்னு வெச்சுப்போம். நேரான ஒரு கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். பெருக்கி பாத்தா கம்பியோட ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட் நிக்குது. ரெண்டு மாடி வீட்டு மொட்ட மாடில இருந்து தரை வரைக்கும் 9 மீட்டர் கம்பின்னா மேலயும் கீழயும் 90,000 வோல்ட் வித்தியாசம், குழி ஜீரோ ஓமா இருந்தாலும் இதான் நெலம. நிஜத்துல குழி ஜீரோவா இருக்காது, ரொம்ப நல்ல குழின்னு 10 ஓம் எடுத்தா 30,000 ஆம்பியருக்கு 3 லட்சம் வோல்ட். மீட்டர் வெச்சு பாத்து "எர்த் சூப்பரா இருக்கு"ன்னு நாம சொன்ன அதே எடம் அந்த ஒரு நொடி துணுக்குல 3 லட்சம் வோல்ட்ல நிக்கும்.

"அப்ப எர்த் போட்டு என்ன பிரயோஜனம்"னு கேக்க தோணும். இங்க தான் அந்த ரெண்டாவது ஆளோட யோசனை எப்படி ஆள கவுக்குதுன்னு பாக்கணும். டவருக்கு தோட்டத்துல தனி குழி, வீட்டுக்கு முன்னாடி பக்கம் வேற குழி, ரெண்டும் சேரல. மின்னல் டவர்ல அடிக்குது, தோட்டத்து குழி லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறுது, முன்பக்க குழி அப்படியே இருக்கு. இந்த ரெண்டு குழிக்கும் நடுவுல ஒரு மெட்டல் வழி இருக்குல்ல? ஆன்டெனாவ ரிக்கோட சேக்கற கோஆக்ஸ் கேபிளோட ஷீல்டு, அதாவது வெளிப்பக்க மெட்டல் வலை, டவர்ல இருந்து ரிக்குக்கு வருது, ரிக் பாடில இருந்து பவர் கார்டு வழியா வீட்டு எர்த்துக்கு போவுது. ரெண்டு குழிக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் அந்த ரிக் வழியா தான் பாயும். ரெண்டையும் தரை மட்டத்துல தடியான கம்பியால சேத்திருந்தா எல்லாம் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கியிருக்கும். கரண்ட் கம்பில உக்காந்துருக்க காக்காவுக்கு ஒண்ணும் ஆகாததுக்கும் இதே தான் காரணம், அதோட ரெண்டு காலும் ஒரே வோல்டேஜ்ல இருக்கு. நம்ம ஸ்டேஷன்ல இருக்க எல்லா மெட்டலையும் அந்த காக்கா நெலமைக்கு கொண்டு வரணும். இத பாண்டிங்னு சொல்லுவாங்க. என்னைக் கேட்டா குழி எத்தன ஓம்னு மண்டைய ஒடச்சுக்கறதுக்கு முன்னாடி எல்லா எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கான்னு பாருங்க, அதான் மொத வேலை. அமெரிக்காவுல இது அவங்க எலக்ட்ரிக் கோடுலயே இருக்கு, ஆன்டெனாவுக்கு தனியா கம்பி அடிச்சா அத வீட்டு எர்த்தோட 6ஆம் நம்பர் தாமிர கம்பியால கண்டிப்பா சேக்கணும்னு. அது நம்ம கணக்குல 13 சதுர மில்லிமீட்டர் சொச்சம், கடைல 16 ஸ்கொயர் எம்எம்னு கேட்டு வாங்குங்க.

சரி, வேலைய பாப்போம்

மாடியில மாஸ்ட் இருக்கறவங்களுக்கு மொதல்ல: மாஸ்ட் அடில இருந்து வெளிச்சுவர் வழியா நேரா கீழ ஒரு ஜிஐ பட்டை எறக்கணும், 25க்கு 3 மில்லிமீட்டர் பட்டை போதும். உருண்டை கம்பிய விட பட்டை நல்லது, இண்டக்டன்ஸ் கம்மி. வளைக்க வேண்டிய எடத்துல எல் மாதிரி மடக்காம தாராளமா வளைச்சு விடுங்க, மின்னலுக்கு மொனை பிடிக்காது, திருப்பத்துல குதிச்சு பக்கத்துல இருக்க ஜன்னல் கம்பிக்கு பாஞ்சுரும். மாடிப்படி வழியா, ரூம் வழியா எறக்கறது வேண்டவே வேண்டாம். பக்கத்துல ஏசி அவுட்டோர் யூனிட்டோ இரும்பு ஏணியோ இருந்தா அதையும் இதோட சேத்துடுங்க.

கீழ குழி. எர்த்துக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐஎஸ் 3043 படி பைப் எர்த்துன்னா 38 மில்லிமீட்டர் ஜிஐ பைப், கொறஞ்சது 2.5 மீட்டர். மண்ணு தான் இங்க முக்கியம். ஈரமான களிமண்ணா இருந்தா ஒரு கம்பிலயே 10, 20 ஓம் கெடைக்கும், சாதாரண மண்ணுல 40 கிட்ட நிக்கும், பாறையும் சரளையும் இருக்க ஊர்ல நூறுகள்ல போகும். ஒரே குழிய ஆழமா தோண்டிட்டே போறத விட நாலு கம்பிய நாலு எடத்துல அடிச்சு சேக்கறது மின்னலுக்கு நல்லா வேலை செய்யும். ரெண்டு கம்பிக்கு நடுவுல கம்பி நீளத்த போல ரெண்டு மடங்கு எடம் விடணும், கிட்ட கிட்ட அடிச்சா ரெண்டும் ஒரே மண்ண தான் பங்கு போட்டுக்கும். எடம் இருந்தா மாஸ்ட் குழில இருந்து மூணு நாலு தெசைக்கு வெறும் கம்பிய அர மீட்டர் ஆழத்துல பொதைச்சு விடுங்க, ஒவ்வொண்ணும் பத்து பதினஞ்சு மீட்டர், அதுக்கு மேல நீட்டினா கம்பியோட இண்டக்டன்ஸே தடுத்துரும், கடைசி பாகத்துக்கு மின்னல் போய் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். கரி உப்பு போட்ட பழைய ஸ்டைல் குழி வேலை செய்யும், ஆனா உப்பு மழைல கரைஞ்சு போயிரும், ஜிஐ பைப்பையும் அரிச்சுரும், அதுக்கு பதிலா பென்டோனைட் களிமண் போடுறது எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்த குழிய வீட்டு குழியோட சேக்கற கம்பி, வீட்ட சுத்தி வெளிய மண்ணுக்குள்ளயே போகட்டும். இத எடுத்து குடுக்க நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் பல பேர் தயங்குவாங்க, "இடிதாங்கி எர்த்த ஈபி எர்த்தோட சேக்க கூடாது சார்"னு சொல்லுவாங்க. மேல சொன்ன கணக்க பொறுமையா எடுத்து சொல்லுங்க. சேக்கற எடம் எர்த் குழி தான், நியூட்ரல் பக்கம் கைய வெக்க கூடாது. மீட்டர் போர்டுல ஒரு சர்ஜ் அரெஸ்டரும் (திடீர்னு ஏறுற வோல்டேஜ எர்த்துக்கு திருப்பி விடறது) போட்டுட்டா ஃபேஸும் நியூட்ரலும் அந்த நேரத்துல எர்த்தோட சேந்து ஏறும், காக்காவோட மூணாவது கால் மாதிரி அதையும் விட்டுறக் கூடாது.

கோஆக்ஸ் கேபிள் வீட்டுக்குள்ள நொழையற எடம் ரொம்ப முக்கியம். அங்க சுவத்துக்கு வெளிய ஒரு தாமிரத் தகடோ அலுமினிய பொட்டியோ மாட்டி அதுல இருந்து பட்டையோட குழிக்கு சின்னதா ஒரு இணைப்பு. உள்ள வர எல்லா ஒயரும் அந்த ஒரு தகடு வழியா தான் வரணும்: கோஆக்ஸ், ஆன்டெனாவ திருப்புற ரொட்டேட்டரோட ஒயர், லேன் கேபிள் எல்லாமே. ஃபைபர் நெட் வெச்சிருக்கவங்க "கண்ணாடி தான, கரண்ட் போகாது"ன்னு நிம்மதியா இருப்பீங்க, அந்த கேபிள தாங்குறதுக்கு கூடவே ஒரு ஸ்டீல் கம்பி வருதான்னு பாருங்க, வந்தா அத வெளியவே வெட்டி விடணும். தகட்டுல கோஆக்ஸுக்கு ஒவ்வொரு அரெஸ்டர். உள்ள இருக்க கேஸ் ட்யூப் எத்தன வோல்ட்ல கரண்ட கடத்த ஆரம்பிக்கும்னு பாத்து வாங்குங்க, 100 வாட்ட 50 ஓம் லைன்ல விட்டா பீக்ல 100 வோல்ட் வரும், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனால இருந்து பவர் திரும்பி வர்ற அளவு) மோசமா இருந்தா அது இன்னும் ஏறி 200 வரைக்கும் போகலாம், 90 வோல்ட் ட்யூப் போட்டா நீங்க பேசும்போதே அது ஷார்ட் ஆகும். 230 வோல்ட் ட்யூப் 100 வாட் ரிக்குக்கு சரி. எர்த் இல்லாம அரெஸ்டர் மட்டும் வாங்கி ரிக் பின்னாடி திருகி வெக்கறத நெறைய எடத்துல பாக்கலாம், காசுக்கு கேடு.

ரூமுக்குள்ள மேஜைக்கு பின்னாடி ஒரு தாமிர பட்டை. ரிக், பவர் சப்ளை, ட்யூனர், எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒவ்வொண்ணுல இருந்தும் தனித்தனியா அதுக்கு ஒயர் வரட்டும், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மால கோக்குற மாதிரி வேண்டாம். பட்டையில இருந்து வெளி தகட்டுக்கு ஒரே இணைப்பு.

ரூம் தரை தளத்துல இருந்தா கொடுத்து வெச்சவங்க, கோஆக்ஸ மாஸ்ட்ல இருந்து கீழ வரைக்கும் கொண்டாந்து தரைகிட்ட எர்த் பண்ணி உள்ள எடுத்துடலாம். மாடி ரூம்னா அந்த 9 மீட்டர் கணக்குல பாதி உயரத்துல உக்காந்திருக்கீங்க, தகட்ட பட்டையோட சேத்தாலும் தரைய பொறுத்து அது பல ஆயிரம் வோல்ட்ல தான் இருக்கும். அதனால மாடில ஷேக், அதாவது ரேடியோ ரூம், வெச்சிருக்கவங்க இடி மழை சீசன்ல, நமக்கு சித்திரை வைகாசி கோடை மழையும் ஐப்பசி கார்த்திகையும், ஆபரேட் பண்ணாத நேரத்துல கோஆக்ஸ கழட்டி வெளிய போட்டுருங்க, பவர் பிளக்கையும் உருவிருங்க. உருவின கோஆக்ஸ் முனைய ரூமுக்குள்ளயே கண்ணாடி பாட்டில்ல சொருகி வெக்கற பழக்கம் அந்த காலத்துல இருந்துச்சு. கிலோமீட்டர் கணக்குல காத்த தாண்டி வந்தத ஒரு ஊறுகா பாட்டில் தடுக்குமா? இடி ஆரம்பிச்சப்பறம் கழட்ட போறதும் கூடாது, ரிக்மன் கதைய ஞாபகம் வெச்சுக்கோங்க, மானம் கறுக்கும்போதே முடிச்சுருங்க. எர்த் எவ்வளவு நல்லா போட்டாலும் நேரடி அடிக்கு ரிக் தப்பிக்கும்னு யாரும் கேரண்டி தர முடியாது, வீடும் ஆளும் தப்பிக்கிற வாய்ப்பு பல மடங்கு கூடும், பக்கத்து தெருவுல விழுற அடில இருந்து ரிக்கும் பெரும்பாலும் தப்பிக்கும், அந்த ரகம் தான் நமக்கு அடிக்கடி வர்றதும்.

தரையில நிக்கிற, செல்போன் டவர் மாதிரி லாட்டிஸ் டவர்னா வேலை கொஞ்சம் பெருசு, ஆனா தெளிவானது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கம்பி, அதையெல்லாம் சுத்தி ஒரு வளையம், ஸ்டே கம்பி முடியற ஒவ்வொரு ஆங்கருக்கும் ஒரு கம்பி. கோஆக்ஸ் ஷீல்ட டவர் உச்சியிலயும் அடியிலயும் டவரோட சேக்கணும். வெறும் தாமிரத்த கால்வனைஸ் பண்ண காலுல நேரா வெச்சு முறுக்காதீங்க, மழைல தாமிரம் துத்தநாகத்த தின்னுரும், நடுவுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைங்க இல்ல வெள்ளீயம் (டின்) பூசின தாமிரம் வாங்குங்க. மண்ணுக்குள்ள போற ஜாயின்ட்ட சால்டரிங் பண்ணாதீங்க, மின்னல் சூட்டுல உருகிரும், கிளாம்ப்போ வெல்டிங்கோ தான்.

பேஸ் கான்கிரீட் போடும்போது ஒரு அருமையான சான்ஸ் இருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அரிசோனா பாலைவனத்துல அமெரிக்க ராணுவம் குண்டு வெக்கிற கெடங்குகள கட்டிச்சு, அங்க மண்ணு காஞ்சு கெடக்கும், கம்பி அடிச்சா எர்த் கெடைக்காது. ஹெர்பர்ட் ஊஃபர்னு ஒரு இன்ஜினியர் அஸ்திவார கான்கிரீட்டுக்குள்ள இருக்க இரும்பு கம்பிகளையே எர்த்தா எடுத்தாரு, பல வருஷம் கழிச்சு அளந்து பாத்தப்பவும் நல்லாவே நின்னுச்சு. கான்கிரீட் மண்ணுல இருக்க ஈரத்த உறிஞ்சு வெச்சுக்கும், மண்ண தொடற பரப்பும் பெருசு, அதான் காரணம். அதனால டவர் பேஸோ புது வீடோ கட்டுறவங்க மேஸ்திரிகிட்ட சொல்லி, அஸ்திவார கம்பில ஒரு ஜிஐ பட்டைய வெல்ட் பண்ணி வெளிய ஒரு அடி நீட்டி விட சொல்லுங்க. அன்னிக்கு ஆகுற செலவு ஒண்ணுமே இல்ல, கான்கிரீட் போட்டப்பறம் கோடி குடுத்தாலும் அது வராது.

ஆர்எஃப் எர்த்

இத கடைசில வெச்சதுக்கு காரணம் இதுக்கு குழியோட அவ்வளவா சம்பந்தம் இல்ல. மைக் சுடுதுன்னு மாடி ரூம்ல இருந்து தோட்டத்துக்கு ஒரு தடியான ஒயர எறக்கி கம்பில கட்டுவாங்க. 14 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலைநீளம் சுமார் 5 மீட்டர். மொத மாடில இருந்து தரைக்கு எறங்கற ஒயரும் கிட்டத்தட்ட அதே நீளம். கால் அலை நீள ஒயரோட ஒரு முனை தரைல இருந்தா மறு முனை, அதாவது நம்ம ரிக் இருக்க முனை, ஆர்எஃப்புக்கு எர்த்தே இல்லாத மாதிரி தான் தெரியும். டிசிக்கு ஷார்ட், 20 மீட்டர் பேண்டுக்கு (அந்த 14 மெகாஹெர்ட்ஸ் தான்) ஓப்பன். அதே ஒயர் 40 மீட்டர் பேண்டுல வேற மாதிரி நடந்துக்கும், பேண்ட் மாத்துனா தொல்லையும் மாறுதேன்னு குழம்புறவங்க இத தான் பாக்குறாங்க.

இதுக்கு மருந்து வேற எடத்துல இருக்கு. ஷீல்டோட வெளிப்பக்கமா ஆர்எஃப் திரும்பி ரூமுக்கு வர்றது தான் மூலம், அத கேபிள் ஆன்டெனாவோட சேர்ற ஃபீட் பாயின்ட்லயே ஒரு சோக், அதாவது ஆர்எஃப்ப தடுக்குற சுருள், போட்டு நிறுத்தணும். 31 மிக்ஸ்ங்கற ரக ஃபெரைட் வளையத்துல மெல்லிசு கோஆக்ஸ பத்து பன்னெண்டு சுத்து சுத்தினா எச்எஃப் (3ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்கு நல்லா வேலை செய்யும், ஷேக்குக்குள்ள நொழையற எடத்துல இன்னொண்ணு போட்டா இன்னும் சுத்தம். டைபோல், இன்வர்ட்டட் வீ மாதிரி ரெண்டு கை சமமா இருக்க ஆன்டெனா வெச்சிருக்கவங்களுக்கு ஆர்எஃப் எர்த்துன்னு தனியா எதுவுமே வேண்டாம். நேரா நட்டு வெச்ச வெர்டிகல் மாதிரி ஆன்டெனா வெச்சிருந்தா வேணும், அங்கயும் ஆழமா அடிச்ச கம்பி உதவாது, ஆன்டெனா அடில இருந்து நாலா பக்கமும் தரை மேல விரிச்ச ரேடியல் ஒயர்கள் தான் வேலை செய்யும், எத்தன போட முடியுமோ போடுங்க, நாலு போடறத விட பதினாறு போடறது நல்லது. அந்த ரேடியல் எல்லாம் சேர்ற வளையத்தையும் மறக்காம மத்த எர்த்தோட சேத்துடுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவ ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லா கிளாம்ப்பையும் கழட்டி துரு சுரண்டி திரும்ப முறுக்குங்க, கோடைல குழிக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க, அரெஸ்டர் ட்யூப் ஒரு பெரிய அடி வாங்கியிருந்தா வெளிய பாக்க நல்லா இருந்தாலும் மாத்திருங்க.